முழு ஆடு சுட ராடும் மோட்டாரும்: ரெடிமேடு வாங்கவா, பட்டறையில அடிக்கவா?

கடையம்தோட்டம்

தோட்டத்துல வச்சு முழு ஆட்டை நெருப்புமேல சுத்தவிட்டுச் சுட ஒரு செட் வேணும். உரிச்சுத் தலை, குடல், குளம்பு எல்லாம் நீக்கி 10–12 கிலோ நிக்கிற வெள்ளாட்டுக் குட்டி ஒண்ணு. ஆடு வேண்டாத நாள்ல ஒண்ணரைக் கிலோ பிராய்லர் ஆறு. சாப்பிடுத ஆள் ஐம்பதுக்குக் குறையாது. வருஷத்துல நாலஞ்சு நாள் வேலைதான், மத்த நாள் பூரா பம்ப்செட் ரூம்ல கிடக்கும்.

பாத்து வச்சிருக்கது மூணு. ஆன்லைன்ல ஒரு செட்: 4 வாட் மோட்டார், 10 மி.மீ. சதுரக் கம்பி, "தாங்கும் எடை 20 கிலோ"ன்னு டப்பாவுல போட்டிருக்கான். இன்னொண்ணு 14 வாட் கியர் மோட்டார் மட்டும், நிமிஷத்துக்கு 5 சுத்து. மூணாவது, பேட்டையில ஒரு பட்டறையில ஜிஐ பைப்புல ராடு போட்டு, கார் வைப்பர் மோட்டார் வச்சு அடிச்சுத் தாரோம்ங்காங்க.

எதை எடுக்கலாம்? ராடு என்ன கனம் வேணும்? கரண்டு போச்சுன்னா என்ன வழி? அடுப்புக்குக் குழி வெட்டவா, இரும்பு டிரம்மை அறுத்து வைக்கவா? தோட்டத்துல மேகாத்து (மேக்க இருந்து அடிக்கிற காத்து) சும்மா நிக்க விடாது, அதையும் கணக்குல வச்சுச் சொல்லுங்க.

பாளை கியர்பாக்ஸ்

டப்பாவுல போட்டிருக்கிற 20 கிலோவை வச்சு முடிவு பண்ணாதீங்க. ராடும் ஸ்டாண்டும் முறியாமல் தாங்குகிற எடை அது. மோட்டாரின் கணக்கு வேற: அந்த எடை ராடின் நடுமையத்தை விட்டு எவ்வளவு விலகித் தொங்குது என்பதுதான். நடுவில் சரியாக நிற்கிற 12 கிலோ ஆட்டை விரலால் சுத்தலாம். அதே ஆடு 3 செ.மீ. விலகி நின்றால் 12 × 3 = 36 கிலோ-செ.மீ. முறுக்கு வேணும். மோட்டார் வாங்கும்போது பார்க்க வேண்டியது இந்தக் கிலோ-செ.மீ. எண்ணைத்தான். வாட்டும் கிலோவும் அதைச் சொல்லாது.

4 வாட், 5 சுத்து மோட்டார்களில் பெரும்பாலானவை மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடித் தட்டைச் சுத்துகிற ஜாதி. 4 கிலோ-செ.மீ. பக்கம்தான் தரும். ஒன்றரைக் கிலோ கோழி 2 செ.மீ. விலகினால் 3 ஆச்சு. ஆக ஒரு கோழிக்கே தொட்டுக்கோ தொடைச்சுக்கோ கதை. இன்னொரு குறை, இந்த மோட்டார் எந்தப் பக்கம் சுத்தத் தொடங்கும் என்று சொல்ல முடியாது. பாரம் தடுத்தால் திசை மாறி எதிர்ப்பக்கம் ஓடும். நீங்கள் பார்க்காத நேரத்தில் ஆடு அரைச்சுத்து போய் அரைச்சுத்து திரும்பி, ஒரு பக்கம் மட்டும் கருகும்.

14 வாட் மோட்டாரை ஒதுக்க வேண்டாம். ஆனால் ஒரே 14 வாட்டில் 2.5, 5, 10 சுத்து என்று பல வேகத்தில் வரும். சுத்து குறையக் குறைய முறுக்கு கூடும். விற்கிறவர் தரும் அட்டவணையில் உங்கள் வேகத்துக்கு நேரே என்ன போட்டிருக்கு என்று பாருங்கள். 50 கிலோ-செ.மீ.க்குக் கீழே இருந்தால் அந்த ஆட்டுக்கு வேண்டாம். நன்றாகச் சமன் செய்த ஆடே 2 செ.மீ. விலகி 24 கேட்கும். அதுக்கு இரண்டு மடங்கு கையில் இருந்தால்தான் பல்சக்கரம் பிழைக்கும். வேகம் 3 முதல் 6 சுத்து போதும். அதுக்கு மேலே போனால் கறி வெந்து இளகுகிற நேரத்தில் ஆட்டத்திலேயே எலும்பை விட்டுக் கழன்று விழும்.

சமன் தப்பியிருந்தால் மோட்டார் காட்டிக்கொடுத்துவிடும். பாரப் பக்கம் மேலே ஏறும்போது முக்கும், உச்சியைத் தாண்டியதும் மடமடவென்று இறங்கும், கியருக்குள் "டக்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டபிறகும் ஓடவிட்டால் பல் உடையும்.

கோழி ஆறும் ஒரே பக்கம் நெஞ்சைக் காட்டினால் 6 × 3 = 18 கிலோ-செ.மீ. ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிக் குத்துங்கள். ஒன்றின் பாரத்தை இன்னொன்று அடித்துவிடும். காசு செலவில்லாத வேலை, ஆனால் கடைகளில்கூடப் பாதிப்பேர் செய்வதில்லை.

பேட்டை லேத்

ராடு விசயம் நான் சொல்லுதேன். முதல்ல அந்த ஜிஐ பைப்பை மறந்துருங்க. மேல இருக்க பூச்சு துத்தநாகம். எலுமிச்சை, தயிர் போட்ட மசாலா பட்டா அது கரைஞ்சு கறியில இறங்கும், வயித்தைப் புரட்டி வாந்தி வரும். அதுல வெல்டிங் வைக்கையில கிளம்புத வெள்ளைப் புகை வெல்டருக்குக் குளிர்காய்ச்சல் கொண்டாரும். கட்டடக் கம்பியும் வேண்டாம். மேல இருக்க வரிப்பல்லுக்குள்ள எண்ணெயும் துருவும் உக்காந்துக்கிடும், தேச்சாலும் போவாது. குரோம் பூச்சு போட்ட ராடு ரெண்டு நெருப்பு பாத்ததும் தோல் உரியும்.

304 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குங்க. மட்டமான 202 ரகத்தை 304-ன்னு தலையில கட்டுதவன் உண்டு. காந்தம் வச்சுப் பாத்தா கண்டுபிடிக்க முடியாது, ரெண்டுலயும் ஒட்டாது. எஸ்எஸ் டெஸ்டிங் லிக்விட்னு ஒரு சின்ன பாட்டில், 9 வோல்ட் பேட்டரியோட வரும். ஒரு சொட்டு விட்டு பேட்டரியை வச்சா 202-ல சிவப்பு அடிக்கும். பெரிய எஸ்எஸ் கடையில கேட்டாலே உங்க முன்னாடி போட்டுக் காட்டுவாங்க. காட்ட மாட்டேன்னா அடுத்த கடைக்குப் போயிருங்க.

கனத்துக்கு வருவோம். ரெண்டு தாங்கிக்கும் நடுவுல ஒண்ணரை மீட்டர், அதுல 12 கிலோ ஆடுன்னு வைங்க. ஆன்லைன்ல வார 10 மி.மீ. சதுரக் கம்பி நடுவுல 3 செ.மீ.க்கு மேல தொங்கும். 16 மி.மீ. உருட்டுக் கம்பி 1 செ.மீ. பக்கம் தொங்கும். 25 மி.மீ. உருட்டுன்னா 2 மி.மீ.க்குள்ள நிக்கும். விட்டம் ரெண்டு மடங்கானா விறைப்பு பதினாறு மடங்கு, அதனால கனத்துல கஞ்சம் பிடிக்காதீங்க.

ஆனா 25 மி.மீ. உருட்டு கனக்கும். விட்டத்தை விட்டத்தாலயே பெருக்கி 162-ஆல வகுங்க, மீட்டருக்கு 3.86 கிலோ வரும். 1.8 மீட்டர் ராடு 7 கிலோ ஆச்சு, ஆட்டோட சேத்துத் தூக்கணும்லா. அதைவிட 304-ல ஒரு இஞ்ச் பைப், ஷெட்யூல் 10 எடுங்க. வெளி விட்டம் 33.4 மி.மீ., சுவர் 2.77. மீட்டருக்கு 2.1 கிலோதான், ஆனா 25 உருட்டைவிட விறைப்பு கூட. ரெண்டு முனையிலயும் 32 மி.மீ. எஸ்எஸ் உருட்டைக் கடைஞ்சு, உள்ள போற பாதி 27.8, வெளிய நிக்கிற பாதி 25-ன்னு வச்சு ஆர்கான் வெல்டிங் அடிங்க. வெல்டிங்குக்கு முன்னாடி பைப் ஓரத்துல, நெருப்புக்கு வெளிய, 3 மி.மீ. தொளை ஒண்ணு போட்டுருங்க. மூடின பைப்புக்குள்ள ஈரம் இருந்து ஆவி அடைச்சா வெடிச்சுரும். இதைப் பட்டறையில பல பேரு மறந்துருவாங்க, நின்னு போடச் சொல்லுங்க.

தாங்கிக்கு யூசிபி 205 பிளம்மர் பிளாக் (ராடு உள்ள சுத்துத பேரிங் வச்ச தாங்கி), 25 மி.மீ. தொளை. நெருப்பு ஓரத்துல இருந்து 20 செ.மீ. தள்ளி வச்சு, இடையில ஒரு தகடு நிறுத்துங்க. சூடு நேரா பட்டா கிரீஸ் உருகி ஓடும். ரெண்டு பிளாக்குலயும் கிரப் ஸ்க்ரூவை (ராடை இறுக்கிப் பிடிக்கிற சின்னத் திருகு) முறுக்கிரக்கூடாது. மோட்டார் பக்கம் மட்டும் முறுக்குங்க, அடுத்த பக்கம் ராடு வழுக்கட்டும். ஒண்ணரை மீட்டர் எஸ்எஸ் 200 டிகிரி ஏறுனா 5 மி.மீ. நீளும். போக இடமில்லன்னா வில்லா வளையும், அப்புறம் எந்தச் சமனும் நிக்காது.

முள்கரண்டி ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் நாலு முள், 10 மி.மீ. கம்பி, 25 செ.மீ. நீளம். ராடுல மாட்டுத வளையம், அதான் காலர், 50 மி.மீ. அகலத்துக்குக் குறையக்கூடாது. கைத்திருகு ஒண்ணு மட்டும் வச்சா உருட்டு ராடுல வழுக்கும்: ராடு சுத்தும், ஆடு அப்படியே கிடக்கும். எம்10 போல்ட் ரெண்டு, ஒண்ணுக்கொண்ணு குறுக்க வைங்க. போல்ட் உக்கார இடத்துல ராடை லேசா ராவித் தட்டையாக்கிருங்க.

கோழிக்கு இந்தப் பைப் தடிமன், கழுத்துத் தொளையில நுழையாது. 16 மி.மீ. சதுரக் கம்பி தனியா ஒண்ணு, முனை ரெண்டையும் உருட்டாக் கடைஞ்சு அதே பிளாக்குக்குப் புஷ் (தொளையில மிச்ச இடத்தை அடைக்கிற வளையம்) போட்டுக்கிடுங்க.

கடையம்தோட்டம்

ரொம்ப உதவியா இருக்கு அண்ணாச்சி. பைப்புல முதுகெலும்பை எப்படிப் பிடிப்பாட்டணும்? தொளை போட்டு போல்ட் அடிக்கணுமா? வைப்பர் மோட்டார் வேகம் சரியா வருமா?

பேட்டை லேத்

பைப்புல தொளை வேண்டாம். 8 மி.மீ. எஸ்எஸ் யூ போல்ட் மூணு, உள்அகலம் 40 மி.மீ. பைப் ஆட்டு வயித்துக்குள்ள முதுகெலும்பை ஒட்டிப் போகணும். யூ போல்ட்டை முதுகுப் பக்கமிருந்து குத்துங்க, எலும்புக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். உள்ள பைப்பைத் தாண்டி வந்த முனையில ஒரு பட்டைத் தகடு மாட்டி நட்டு முறுக்குங்க. தோள்பட்டைக்குப் பின்னால ஒண்ணு, நடுவுல ஒண்ணு, இடுப்புக்கு முன்னால ஒண்ணு. முள்கரண்டி மட்டும் வச்சா மூணாவது மணி நேரத்துல கறி இளகி முதுகு தொங்கிரும்.

கால், கழுத்தெல்லாம் 1.5 மி.மீ. எஸ்எஸ் கம்பியால கட்டுங்க. சணல் கயிறு எரிஞ்சு போகும்.

பாளை கியர்பாக்ஸ்

வைப்பர் மோட்டாரைப் பற்றி: முறுக்கு தாராளம். உள்ளே புழுக்கியர் இருப்பதால் பாரப் பக்கம் பின்னோக்கி இழுத்தாலும் திரும்பாது. இது பெரிய வசதி. ஆனால் மெதுவான வேகத்திலேயே நிமிஷத்துக்கு 40–45 சுத்து. நேராக ராடில் மாட்டினால் ஆடு பம்பரம்தான்.

மின்சாரத்தை மட்டும் குறைத்து 5 சுத்துக்குக் கொண்டுவர முயல வேண்டாம். அவ்வளவு கீழே போனால் முறுக்கும் போய், பாரம் ஏறும்போது நின்று நின்று ஓடும், மோட்டார் சூடாகும். பல்சக்கரத்தில் குறையுங்கள். சைக்கிளின் 18 பல் சின்னச் சக்கரமும் 44 பல் பெரிய சக்கரமும் ஒரு ஜோடி போட்டால் 45 சுத்து 18 ஆகும். இன்னொரு ஜோடி போட்டால் ஏழரை. அதுக்குப் பிறகு 10 ஆம்பியர் ஸ்பீடு கண்ட்ரோலரில் லேசாக இறக்கி 5, 6-இல் நிறுத்தலாம்.

18 பல் சக்கரம் பழைய சைக்கிளின் ஃப்ரீவீலாக இருந்தால் உள்ளே வெல்டிங் வைத்துப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் பாரப் பக்கம் உச்சி தாண்டியதும் செயினை முந்திக்கொண்டு ஓடி, கீழே போய் ஆடி நிற்கும். புழுக்கியரின் பலன் அத்தோடு போச்சு.

கரண்டு கவலை இதில் இல்லை, 12 வோல்ட். பாரத்தில் 3–4 ஆம்பியர் எடுக்கும் என்று வைத்தால் 5 மணி நேரத்துக்கு 20 ஆம்பியர்-மணி. காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் இறங்கிவிடும், அடுத்த நாள் வண்டி கிளம்பாது. டிராக்டர் பேட்டரியோ வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியோ எடுங்கள்.

எந்த மோட்டாராக இருந்தாலும் ராடின் மறுமுனையில் ஒரு கைப்பிடி இருக்கணும். மோட்டாருக்கும் ராடுக்கும் இடையே உருவி எடுக்கிற பின் வைக்கணும். புழுக்கியரைப் பின் உருவாமல் கையால் சுத்த முடியாது. மோட்டார் நின்று மூணு நிமிஷம் யாரும் கவனிக்காவிட்டால் அடிப்பக்கம் கருகிவிடும்.

220 வோல்ட் மோட்டார்தான் என்று முடிவு செய்தால் மூணு பின் எர்த்தும், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம். ஈர மண், வெறுங்கால், உப்புத்தண்ணி தடவின கை எல்லாம் ஒரே இடத்தில் கூடுகிற வேலை இது. செயினுக்குத் தகட்டு மூடி போடுங்கள். சாரம் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவர்தான் அதிகம், நுனி செயினில் சிக்கினால் இந்த மோட்டார் நிற்காது, இழுத்துக்கொண்டே போகும்.

கரிமூட்டம்

ராடு மோட்டாருல இருக்க அக்கறை அடுப்புல யாருக்கும் இல்ல. மேகாத்துன்னு எழுதியிருக்காரு, அதுக்குப் பதில் சொல்லுதேன்.

ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வார காத்து கடையம், ஆலங்குளம் பக்கம் நேரா தள்ளும். அடுப்போட நீளத்தைத் தெக்கு வடக்கா வைங்க. மேக்குப் பக்கம் நீளவாக்குல 1.2 மீட்டர் உயரத் தகடு, அடுப்புல இருந்து 40 செ.மீ. தள்ளி, அடியில ஒரு சாண் இடைவெளி. காத்தும் தடுக்கும், சூட்டையும் கறிமேல திருப்பும். மோட்டார் தெக்கு முனையிலயோ வடக்கு முனையிலயோ வந்துரும், புகையும் அனலும் கிழக்க போயிரும். நீளத்தைக் கிழக்கு மேக்கா வச்சா அனல் முழுக்க கிழக்கு முனைக்குத் தள்ளி ஒரு தொடை கருகும், இன்னொரு பக்கம் பச்சையா நிக்கும். தகட்டை ஊனி வைக்காதீங்க, கழட்டுற மாதிரி வைங்க. ஐப்பசி கார்த்திகையில வாடை எதிர்ப்பக்கம் இருந்து வரும். பெயின்ட் அடிச்ச ஷீட் எடுக்காதீங்க, சூட்டுல பெயின்ட் வாடை கிளம்பும்.

200 லிட்டர் டிரம் நீளம் 88 செ.மீ.தான். பாதியா அறுத்தா கோழிக்குக் கச்சிதம். ஆட்டுக்குக் காலை நீட்டிக் கட்டுனா ஒரு மீட்டருக்கு மேல வரும், ரெண்டு பாதியை ஒட்டணும். அதுல முன்ன என்ன இருந்ததுன்னு தெரியாத டிரம்னா தொடவே வேண்டாம், பூச்சிமருந்து டிரம்லாம் எரிச்சாலும் சுத்தமாகாது. செம்மண் தரையா இருந்தா குழியே போதும்: நீளம் 1.3 மீட்டர், அகலம் 70 செ.மீ., ஆழம் ஒரு முழம். ஓரத்துக்குக் காய்ஞ்ச செங்கல் அடுக்குங்க. ஆத்துல பொறுக்கின உருண்டைக் கல்லை வைக்கவே கூடாது. உள்ள தண்ணி குடிச்சிருக்கும், சூடேறினா சில்லு சில்லாத் தெறிக்கும். ஹாலோ பிளாக்கும் அப்படித்தான் வெடிக்கும்.

கரிக்கு உடங்கரி போதும், சீமை உடை மூட்டம் போட்டது. கனமா, தட்டுனா கணீர்னு சத்தம் வரணும். மூட்டத்துல சரியா வேகாத கட்டை உள்ள கிடந்தா புகையும், அதைத் தனியா பொறுக்கிருங்க. சிரட்டைக் கரி சூடு பலம், ஆனா துண்டு சின்னது, குவிச்சா காத்தை அடைச்சுரும். அதை உடங்கரியோட கலந்து போடலாம். அளவு, கறி ஒரு கிலோவுக்குக் கரி ஒரு கிலோ. காத்துக்காலத்துல ஒண்ணரை. 12 கிலோ ஆட்டுக்கு 18 கிலோ சாக்கு ஒண்ணு கையில இருக்கணும்.

கரியைக் கறிக்கு நேர் கீழ போடாதீங்க. ரெண்டு வரிசையா ஓரத்துல போட்டு, நடுவுல 30 செ.மீ. விட்டு அதுல ஒரு தட்டு வைங்க, தட்டுல ரெண்டு விரக்கடை தண்ணி. கொழுப்பு கரியில சொட்டுனா தீ நாக்கு எழும்பி மேலெல்லாம் கரிப்புகை அப்பும். தொடை, தோள் இருக்க ரெண்டு முனையிலயும் கரி கூட. இடுப்பு, விலா இருக்க நடுப்பகுதி மெல்லிசு, அங்க பாதிக் கரி போதும்.

பச்சைக் கரியை மேல கொட்டாதீங்க. பக்கத்துல ஒரு பழைய இரும்புச் சட்டியில எரிச்சு, சாம்பல் பூத்ததும் அரை மணிக்கொருக்க அள்ளிப் போடுங்க. முதல் ஒரு மணி நேரம் ராடு கங்குல இருந்து 60 செ.மீ. உயரம், அப்புறம் 40–45. கறி இருக்க மட்டத்துல கையை நீட்டிப் பாருங்க. முதல்ல ஆறு எண்ணுற வரை தாங்கணும், கடைசி அரை மணி மூணு நாலு எண்ணிக்கையில கையை இழுக்கணும். ஸ்டாண்டுல 10 செ.மீ.க்கு ஒரு தொளையா நாலு தொளை போட்டு பின் சொருகுற மாதிரி வச்சாதான் இந்த ஏத்த இறக்கம் நடக்கும். கடையில விக்கிற செட்டு பல இதுலயே தோத்துரும், ஒரே உயரம்தான்.

பத்த வைக்கப் பன்னாடையும் பனமட்டையும் இருக்க மண்ணெண்ணெய் எதுக்கு? அரளிக் கம்பை விறகாவும் போடாதீங்க, கறி குத்தவும் சீவாதீங்க. விஷம்.

சுரண்டை பந்தி

எல்லாரும் கருவியையே பேசுதீங்க, பந்தியைப் பேசலியே. தம்பி, 12 கிலோ ஆட்டுல எலும்பு போக, சுட்டு வத்துனது போக, இலையில விழுத கறி அஞ்சு, அஞ்சரைக் கிலோ. ஐம்பது பேருக்கு ஆளுக்கு நூறு கிராம். அதுக்கு நாலரை மணி நேரம் அடுப்புப் பக்கத்துல ரெண்டு ஆள் நிக்கணும்.

நான் சொல்லுறது, முழு ஆடே வேண்டாம். பின்னந்தொடை ரெண்டும் சேத்து மூணரைக் கிலோ பக்கம் வரும், தோள் ரெண்டு. இந்த நாலையும் மட்டும் ராடுல ஏத்துங்க. கழுத்து, விலா, முதுகு எல்லாம் குழம்புக்கும் சுக்காவுக்கும் போகட்டும், அதுலதான் ஐம்பது பேருக்குச் சோறு இறங்கும். தொடை ரெண்டு மணி நேரத்துல வெந்துரும். அந்தக் கனத்துக்கு 16 மி.மீ. சதுரக் கம்பியே போதும், கோழிக்கும் அதுவே. ஒரே ராடு, சின்ன மோட்டார், சின்ன அடுப்பு. தொடையைத் தலைமாத்தித் தலைமாத்திக் குத்துனா சமனும் தானா வந்துரும்.

துண்டுக்கறி, மீன் இதெல்லாம் சுத்தணும்னா தட்டைக் கம்பிக்கூடை ஒண்ணு வாங்கிக்கோங்க. மூடி இறுக்கமா பூட்டணும். உள்ள கறி உருண்டா மசாலா எல்லாம் கம்பியில தேஞ்சு போகும்.

பேட்டை லேத்

அக்கா சொல்லுத கணக்கு சரிதான். ஆனா கொடைக்கு, கல்யாணத்துக்கு முழு ஆடு சுத்துறதைப் பாக்கவே பாதிக் கூட்டம் வரும், அதுக்குத்தான் கேக்காங்க. அந்தக் காட்சி வேண்டாம்னா அக்கா வழிதான் மலிவு.

பாளை கியர்பாக்ஸ்

முழு ஆடுதான் என்றால் சமன் பார்க்கிற முறை இது. ஆட்டைக் கட்டி முடித்ததும் அடுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். பின்னை உருவி, மோட்டார் இல்லாமல் பிளம்மர் பிளாக்கில் வைத்துக் கையால் மெல்லச் சுத்தி விடுங்கள். பாரப் பக்கம் கீழே வந்து நிற்கும். அப்போது மேலே இருக்கிற பக்கத்தில் சுண்ணாம்பால் குறி போடுங்கள். இன்னும் இரண்டு தரம் செய்து பாருங்கள், ஒரே குறி மேலே வந்தால் எதிர்ப்பாரம் அந்தப் பக்கம் மாட்டணும்.

எதிர்ப்பாரம் என்றால் ராடின் வெளிமுனையில், நெருப்புக்கு அப்பால், காலர் போட்டு ஒரு கை. அதில் முன்பின் நகர்கிற ஒரு இரும்புக் குண்டு. 12 கிலோ ஆடு 2 செ.மீ. விலகல் என்றால் 24; 1.2 கிலோ குண்டை மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளினால் அதுவும் 24. எங்கே நிறுத்தினாலும் ராடு அங்கேயே நின்றால் வேலை முடிந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். சுடச்சுட நீர் வத்தி எடையில் கால் பங்குக்கு மேல் குறையும், முன்னே சரியாக இருந்தது சாயும். அப்போது முள்கரண்டி போல்ட்டையும் யூ போல்ட் நட்டையும் ஒரு தரம் முறுக்கணும், கறி சுருங்கி எல்லாம் தளர்ந்திருக்கும்.

கடையம்தோட்டம்

அப்போ 304 பைப், யூ போல்ட் மூணு, வைப்பர் மோட்டார், குழி. கோழிக்குச் சதுரக் கம்பி. தொடை மட்டும் சுடுத நாளுக்கும் அதே சதுரக் கம்பி ஆகும்னு எடுத்துக்கிடுதேன். வெந்துட்டுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிடணும், எந்த ஆடு எடுக்கணும்னு மட்டும் யாராவது சொல்லுங்க.

சுரண்டை பந்தி

பல் போடாத, அதாவது இன்னும் பால்பல்லோட இருக்க குட்டி, உயிரெடை 22–25 கிலோ. உரிச்சா பாதிக்குக் கொஞ்சம் கம்மியா நிக்கும். மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையிலயோ எட்டயபுரம் சனிச் சந்தையிலயோ கன்னி ஆடு, கொடி ஆடு ரெண்டு இனமும் கிடைக்கும். முத்துன கிடா சுடுறதுக்கு ஆகாது, நாரு நாரா நிக்கும். செம்மறியில கொழுப்பு கூட, சதை காயாது, ஆனா சொட்டும். தட்டை அகலமா வைங்க.

வெள்ளாட்டுக்குக் கொழுப்பு கம்மி, முதுகுப் பக்கம் காஞ்சு போகும். வெட்டுதவர்கிட்ட சொல்லி வயித்துக்குள்ள வலையா இருக்க கொழுப்பை எடுத்து வச்சு, முதுகுமேல போத்திக் கட்டுங்க. உப்பு கறி எடையில நூத்துக்கு ஒண்ணரை, 12 கிலோவுக்கு 180 கிராம், முந்தின ராத்திரியே தடவணும். மிளகாய்த்தூளை முதல்லயே அப்புனா நாலு மணி நேரத்துல கரியாகிக் கசக்கும். மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டோட ஏத்துங்க. மிளகாயை நல்லெண்ணெயில குழைச்சு கடைசி அரை மணி நேரத்துல தடவுங்க.

கண்ணால பாத்து வேக்காடு சொல்லாதீங்க, வெளிய சிவந்தும் உள்ள ரத்தம் நிக்கும். குத்துற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க. கோழித் தொடையில 74 டிகிரி வந்தா இறக்கலாம். ஆட்டுக்கு 63-லயே கெடுதல் போயிரும், ஆனா நம்ம ஆளுக்கு அது பச்சைக்கறி. தொடையிலயும் தோளுலயும் 85–90 வந்தாத்தான் எலும்பை விட்டுக் கழலும். தெர்மாமீட்டர் முள்ளு ராடையோ எலும்பையோ தொடக்கூடாது, ராடு சூடு ஏறிப் பொய்க்கணக்கு காட்டும். இறக்கினதும் வெட்டாதீங்க, இருபது நிமிசம் மூடி வைங்க.

பேட்டை லேத்

இன்னொண்ணு. வேலை முடிஞ்ச ராத்திரியே ராடைக் கழுவிருங்க. உப்பும் மசாலாவும் ஒட்டுன ராடை ஒரு வாரம் போட்டு வச்சா 304-லயும் ஊசிக்குத்தாப் புள்ளி விழும், அடுத்த தடவை கறி அதுல பிடிச்சுக்கிடும். இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீங்க, அந்தத் தூள் ஒட்டித் துருப்பிடிக்கும். எஸ்எஸ் நாரு போதும். யூ போல்ட் மரையில சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு வைங்க, எஸ்எஸ் நட்டு எஸ்எஸ் போல்ட்டோட காஞ்சு பிடிச்சுக்கிட்டா அறுத்துத்தான் எடுக்கணும். பிளம்மர் பிளாக்குல நிப்பிள் இருக்கும், சுடுதுக்கு முந்தின நாள் புது கிரீஸ் அடிச்சு, வெளிய பிதுங்குனதைத் தொடைச்சுருங்க. பம்ப்செட் ரூம்ல ராடை நட்டமா சாத்தாதீங்க, படுக்கப் போடுங்க.